பாய்க்கப்பலும் காலக்கணக்கும்

ஐரோப்பிய வணிகக் குழுவினர் கீழைக்கடலுக்குச் செலுத்திய பெரும் பாய்க்கப்பல்களின் வரலாறு பெரும்பாலும் அவை ஏற்றிய சரக்கின் வரலாறாகவே எழுதப்படுகின்றது. கரை காணாத நடுக்கடலில் ஒரு கப்பல் தான் நின்ற இடத்தை எங்ஙனம் அறிந்தது என்னும் வினா அதனினும் ஆராயத்தக்கது. அதன் விடையிலேயே நூற்றுக்கணக்கானோர் உயிர் தங்கியிருந்தது.

இங்கிலாந்தினின்று நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்னைக்கு வருதற்கு நான்கு முதல் ஆறு திங்கள் வரை செல்லும். கப்பலிற் காலங்காட்டியது அரைமணி மணற்கடிகை. அதனைத் திருப்புந்தோறும் மணி அடிக்கப்படும். எட்டு அடி கேட்டவுடன் நான்கு மணி நேரக் காவல் மாறும். உணவோ உப்பிட்ட இறைச்சியும் புழுத்த பிஸ்கோத்தும். பீப்பாய்த் தண்ணீர் நாளடைவில் நாறும். காய்கனி இன்மையால் ஈறு வீங்கிப் பல் ஆடும் ஸ்கர்வி நோய் பற்றும். 1601-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் முதற் பயணத்திலேயே, தலைவர் ஜேம்ஸ் லங்காஸ்டர் தம் கப்பலாருக்குக் காலைதோறும் எலுமிச்சஞ்சாறு அளித்தார். அவர்கள் நலமாயிருக்க, உடன்சென்ற மூன்று கப்பல்களில் பாய்களைக் கையாளவும் போதிய ஆளில்லாமற் போயிற்று. ஆயினும் பிரிட்டிஷ் கடற்படை அச்சாற்றை விதியாக்கியது 1795-ல்தான். கண்கூடாய்க் கண்ட உண்மை இத்துணைக் காலம் கிடப்பிற் கிடந்தமை இரங்கத்தக்கது.

பயணம் நீளுந்தோறும் இந்நோய் மிகும். இடந்தவறிய கப்பலுக்கோ பயணம் நீளும். நண்பகலிற் சூரியன் உயரத்தை அளந்து அட்சரேகையை மாலுமிகள் அறிந்தனர். தீர்க்கரேகையே அகப்படவில்லை. முடிச்சிட்ட கயிற்றின் நுனியிற் பலகைத்துண்டைக் கட்டிக் கடலிலெறிந்து, ஏறக்குறைய அரைநிமிடத்தில் எத்தனை முடிச்சுகள் கையைக் கடந்தன என்றெண்ணி வேகத்தை மதித்தனர். நீரோட்டம் கப்பலையும் பலகையையும் ஒருங்கே கொண்டுசெல்லுமாயின் அக்கணக்குப் பொய்த்துவிடும்.

ஒல்லாந்தரின் பத்தாவியா என்னும் கப்பல் இதற்குச் சான்று. ஆப்பிரிக்காவின் தென்முனையைக் கடந்து, மேல்காற்றின் வலியால் நெடுந்தொலை கிழக்கே ஓடி, பின்னர் வடக்கே திரும்பிச் சாவகத்தை அடைவது அவர்கள் வழி. திரும்ப வேண்டிய இடத்தை உறுதியாய்க் காட்டும் கருவியோ இல்லை. 1629 ஜூன் 4-ல் விடியுமுன், முன்னே தோன்றிய வெண்ணுரையை நிலவொளியென்று கருதிச் செலுத்தப்பட்ட அக்கலம் ஆஸ்திரேலியாவின் மேற்கரைக்கு அப்பாலுள்ள பவளப்பாறையில் மோதி உடைந்தது. தப்பித் தீவுகளில் ஏறியவருள் நூற்றுக்கு மேற்பட்டோர் உடன்வந்த கலகக்காரராற் கொலையுண்டனர்.

பூமி ஒரு மணிக்கு 15 பாகை சுழலுகின்றது. ஆதலின் புறப்பட்ட ஊரின் நேரத்தைத் தவறாது காக்கவல்ல கடிகாரம் இருப்பின், அதனை நின்ற இடத்து நண்பகலோடு ஒப்பிட்டுத் தீர்க்கரேகையைக் கூறலாம். 1 நிமிடப் பிழை நிலநடுக்கோட்டில் 15 கடல்மைற் பிழையாம். அலையாட்டத்திலும் நடைமாறாத கடிகாரத்தைச் செய்து முடித்தவர் தச்சராய்த் தொழில்தொடங்கிய ஜான் ஹாரிஸன். 1761-ல் ஜமைக்காவுக்குப் புறப்பட்ட கப்பலில் அக்கடிகாரம், தன் இயல்பான நடைக்குரிய திருத்தம் போக, 81 நாளில் ஏறக்குறைய 5 விநாடியே பிந்தியது.

கடிகாரம் மட்டும் அமையாது. சேருந்துறையின் தீர்க்கரேகையும் செவ்விதின் தெரிதல் வேண்டும். இத்தேவையும் கருதிக் கம்பெனியார் 1792-ல் சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக்கூடம் எடுத்தனர். வியாழனின் துணைக்கோள்கள் மறையும் நேரத்தைக் கணித்து அங்கே சென்னையின் தீர்க்கரேகை துணியப்பட்டது. அந்நாளிற் சென்னைக்குத் துறைமுகமில்லை. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட, ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே அலைகடந்து ஆளையும் பொருளையும் கரைசேர்த்தன. வானாய்வுக் கருவியைத் தாங்கிய கருங்கற்றூண், தமிழெழுத்தும் பொறிக்கப்பெற்று, நுங்கம்பாக்கத்து வானிலை மையத்தில் இன்றும் நிற்கின்றது.