அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு ப்ரூவரி

சான் டியேகோவுக்கு வடக்கே, பசிபிக் கரையை ஒட்டிப் போகும் பழைய 101 சாலையில் சொலானா பீச் என்று ஒரு சின்ன ஊர். அங்கே பிட்ஸா போர்ட் என்றொரு கடை. நீளமான மர மேஜைகள், அலைச்சறுக்குப் பலகைகள், உள்ளேயே பீர் காய்ச்சும் எஃகுக் கலன்கள். கருங்கல்லிலிருந்து வந்திருந்த பெரியப்பாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கூட்டிப் போனேன். காளான் பிட்ஸா வந்தது. அவர் அதைத் தொடவில்லை. கலன்களையும், பக்கத்து மேஜையில் படம் வரைந்துகொண்டிருந்த குழந்தைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்ன மக்கா, இது சாப்பாட்டுக் கடையா, கள்ளுக்கடையா? பிள்ளேளயும் கூட்டிட்டு வந்திருக்கானுவ!" என்றார்.

நியாயமான கேள்விதான். இரண்டும் என்று சொல்லிவிடலாம். ஆனால் 'இரண்டும்' என்று சட்டப்படி சொல்ல அமெரிக்காவுக்கு அரை நூற்றாண்டு பிடித்தது.

மதுவிலக்குக்கு முந்தைய அமெரிக்காவில் சலூன்கள் பலவும் பெரிய பீர் கம்பெனிகளின் பிடியில் இருந்தன. கம்பெனி கடனும் சாமான்களும் கொடுக்கும். கடைக்காரர் அந்தக் கம்பெனி பீரை மட்டும் விற்க வேண்டும். குடிக்க வருபவர்களுக்கு மதியச் சாப்பாடு இலவசம். இலவசம் என்றால் சும்மாவா? உப்புத் தூக்கலான இறைச்சியும் ஊறுகாயும் வைப்பார்கள். தாகம் எடுக்குமில்லையா! சம்பளக் காசு வீடு வந்து சேராத வயிற்றெரிச்சலில் பெண்கள் சங்கம் வைத்துப் போராடினார்கள். அவர்கள் கோபத்தில் பொய் எதுவும் இல்லை. 1920இல் மதுவிலக்கு வந்தது, 1933இல் போனது.

போகும்போது இரண்டு விஷயங்களை விட்டுவிட்டுப் போனது. ஒன்று, காய்ச்சுகிறவன் தனி, மொத்த வியாபாரி தனி, கடைக்காரன் தனி என்ற மூன்றடுக்கு ஏற்பாடு. பழைய சலூன் திரும்பி வரக்கூடாது என்பதற்காகச் செய்தது. இன்னொன்று, வீட்டில் ஒயின் செய்துகொள்ளலாம், பீர் காய்ச்சக்கூடாது என்ற விசித்திரம். பெரிய ஆலைகளுக்கு இது தோதாகப் போயிற்று. 1970களின் கடைசியில் அந்தப் பிரம்மாண்டமான தேசத்தில் மிஞ்சியிருந்த பீர் நிறுவனங்கள் நூறுகூட இல்லை.

1976இல் கலிஃபோர்னியாவின் சொனோமாவில் ஜாக் மெக்காலிஃப் 'நியூ ஆல்பியன்' என்ற குட்டி ப்ரூவரியைத் தொடங்கினார். கடற்படை வேலையில் ஸ்காட்லாந்தில் இருந்தபோது நாக்கில் ஒட்டிக்கொண்ட ருசி அவரை விடவில்லை. பழைய பால்பண்ணைச் சாமான்களையும் குளிர்பான சிரப் டிரம்களையும் வெட்டி ஒட்டித் தானே கலன்கள் செய்தார். பீருக்கு நல்ல பெயர். பணம்தான் வரவில்லை, 1982இல் மூடிவிட்டார். கையால் கட்டிய ஆலை, சின்ன உற்பத்தி, விரிவுபடுத்தக் கடன் கிடைக்கவில்லை. காய்ச்சிய இடத்திலேயே சாப்பாட்டோடு விற்க முடிந்திருந்தால் தாக்குப்பிடித்திருப்பார் என்றுதான் நான் நினைக்கிறேன். அந்த அனுமதி கலிஃபோர்னியாவில் அதே சமயத்தில்தான் வந்தது. 1983இல் ஹாப்லேண்டில் திறந்த மெண்டசீனோ ப்ரூவரி, மெக்காலிஃபின் கலன்களையும் ஈஸ்ட்டையும் வாங்கி, சாப்பாட்டோடு பீர் விற்று நிமிர்ந்தது. இதற்கு நடுவே, 1978இல் ஜிம்மி கார்ட்டர் போட்ட ஒரு கையெழுத்தால் வீட்டில் பீர் காய்ச்சுவதும் குற்றமில்லை என்றாகியிருந்தது.

சொலானா பீச்சுக்கு வருவோம். 1987இல் வின்ஸ், ஜீனா மார்சாலியா என்ற உடன்பிறந்தவர்கள் இருவர், தள்ளாடிக்கொண்டிருந்த ஒரு பிட்ஸா கடையை வாங்கினார்கள். கடையை ஒட்டிய சாமான் அறையில் பொழுதுபோக்காகப் பீர் காய்ச்சிப் பார்த்தார்கள். 1992இல் ஏழு பாரல் கலன் வந்தது. ஏழு பாரல் என்றால் சுமார் 800 லிட்டர், அவ்வளவுதான். இவர்களுடைய புகழ்பெற்ற பீர் ஒன்றின் பெயர் 'ஸ்வாமிஸ்'. பக்கத்து ஊரான என்சினிடாஸில் பரமஹம்ச யோகானந்தரின் ஆசிரமம் இருக்கிறது, அதன் கீழே இருக்கும் கடற்கரைக்கு அலைச்சறுக்குப் பையன்கள் வைத்த பெயர் அது. யோகி என்ன சொல்லியிருப்பாரோ!

பீரும் ரொட்டியும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பது புதுசும் இல்லை. பேக்கரிக்காரர்கள் மாவு புளிக்க வைப்பதற்கு நுரையை வாங்கியதே பீர் காய்ச்சுகிறவர்களிடம்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லாகர் பீர் பரவியபோது இந்த உறவு முறிந்தது. லாகர் ஈஸ்ட் அடியில் தங்கும், மேலே நுரைத்து வராது. ரொட்டிக்கு அவ்வளவாக ஒத்துவராது. வியன்னாக்காரர்கள் ரொட்டிக்கென்றே தனியாக ஈஸ்ட் வளர்த்து, பிழிந்து, கட்டியாக விற்றார்கள். ஆஸ்திரிய-ஹங்கேரியிலிருந்து வந்த சார்ல்ஸ் ஃப்ளைஷ்மன் 1868இல் அதை சின்சினாட்டியில் தொடங்கினார். இன்றைய ப்ரூவரிகளிலேயே பிட்ஸா மாவு பெரும்பாலும் கடையில் வாங்கிய ஈஸ்ட்டில்தான் எழும்புகிறது. பக்கத்துக் கலனில் கோடிக்கணக்கில் நீந்திக்கொண்டிருக்கும்போதே!

இதைச் சொன்னதும் பெரியப்பா, "நம்ம ஆப்பத்துக்குக் கள்ளு விடுக மாதிரி" என்றார். ஒரே வாக்கியத்தில் பிடித்துவிட்டார். ஆப்ப மாவில் விடும் ஒரு கிண்ணம் கள்ளும், ஐரோப்பிய அடுமனைகளின் பீர் நுரையும் செய்வது ஒரே வேலை.

வரலாறு சில சமயம் ரொம்பக் குறும்பாக இருக்கிறது. மார்சாலியாக்கள் கடை வாங்கிய அதே 1987இல்தான் தமிழ்நாட்டில் கள் இறக்குவது தடை செய்யப்பட்டது. கலப்படம் என்று காரணம் சொன்னார்கள். கலப்படம் நடந்ததும் உண்மைதான். குடியால் அழிந்த வீடுகளை நானும் பார்த்திருக்கிறேன், எங்கள் தெருவிலேயே. ஆனால் கதவு சின்னவனுக்கு மட்டும் அடைபட்டது. 2003 முதல் அரசின் டாஸ்மாக்கே சில்லறை விற்பனையை முழுதாக எடுத்துக்கொண்டு ஆலைப் பீரை விற்கிறது. பனையேறி பதநீர் இறக்கலாம். அதே பாளையில் சுண்ணாம்பு தடவாத கலயத்தைக் கட்டினால் அது குற்றம். களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். அங்கே கள்ளுஷாப்பில் கப்பையும் மீன்கறியும் தின்ன ஆள் வருகிறது.

கருங்கல்லில் பெரியப்பா வீட்டுப் பின்புறம் நான்கு பனைகள் நிற்கின்றன. ஏற ஆளில்லை. பெரியம்மை ஆப்பத்துக்கு மளிகைக் கடையில் ஈஸ்ட் பாக்கெட் வாங்குகிறாள்.