புத்தளக் கரையோரத்தில் ஒல்லாந்தர் திருச்சபையும் அதை விட்டு நீங்கினோர் சான்றும்

ஒரு சமய நிறுவனத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் இரு வகைச் சான்றுகளையே துணைக்கொள்வர். ஒன்று அந்நிறுவனத்தை நடத்திய தலைவர்கள் விட்டுச்சென்ற அறிக்கைகள். மற்றையது அதனை எதிர்த்து நின்றோர் எழுதிய கண்டனங்கள். அந்நிறுவனத்தில் ஒருகாலத்தில் உறுப்பினராயிருந்து பின்னர் அதைவிட்டு நீங்கினோர் அதைப்பற்றி என்ன எண்ணினர் என்பது பெரும்பாலும் கேட்கப்படாத வினாவாகவே நின்றுவிடுகின்றது. இலங்கையின் வடமேற்குக் கரையில், சிறப்பாகக் கற்பிட்டி, புத்தளம், சிலாபம் ஆகிய பகுதிகளில், ஒல்லாந்தர் நிறுவிய சீர்திருத்தத் திருச்சபையின் வரலாறு இவ்வினாவை எழுப்புதற்கு மிகவும் பொருத்தமானதாகும். கற்பிட்டிக் கரையில் ஏறத்தாழ 140 ஆண்டுகள் அரச ஆதரவுடன் நிலவிய அத்திருச்சபை, ஆட்சி மாறிய சில ஆண்டுகளுள்ளேயே தன் உறுப்பினரிற் பெரும்பாலோரை இழந்தது. இழப்பின் காரணத்தை ஆராய்வதும், நீங்கியோர் சான்றை எவ்வாறு மதிப்பிடுவது என்று நோக்குவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நிலத்தின் அமைப்பை மனங்கொள்ளல் வேண்டும். கற்பிட்டி, ஒரு புறம் கடலும் மறுபுறம் புத்தளக் களப்பும் சூழ்ந்த நீண்ட தீபகற்பம். ஒல்லாந்தர் 1659இல் இதனைக் கைப்பற்றி, 1667 முதல் 1676 வரையான காலத்தில் இங்கே கோட்டையொன்றை எழுப்பினர். ஆனால் களப்பின் மறுகரையிலுள்ள புத்தளம் நெடுங்காலம் கண்டி அரசனின் ஆணைக்கு உட்பட்ட துறைமுகமாகவே இருந்தது. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பின்னரே கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமாயிற்று. எனவே ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இக்களப்பு இரு அரசுகளின் எல்லையாக மட்டுமன்றி, இரு சமயக் கொள்கைகளின் எல்லையாகவும் விளங்கிற்று. ஒரு கரையிற் கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை. மறுகரையில் அவர்கள் தங்குதற்கு ஓரளவு இடம். மீன்பிடிப்போரின் தோணிகளோ இரு கரைகளுக்குமிடையே நாள்தோறும் சென்று வந்தன. இதனை மனத்திற் கொள்ளாது இக்கரையோரச் சமய வரலாற்றை விளங்கிக்கொள்ளல் அரிது.

ஒல்லாந்தர் வருமுன் இக்கரையோரத்து மக்களுட் பலர் போர்த்துக்கேயர் காலத்திற் கத்தோலிக்கராயினர். யேசுசபையினர் கற்பிட்டியைத் தளமாகக் கொண்டு பணிபுரிந்தனர். இம்மதமாற்றத்திலும் ஆட்சியின் செல்வாக்குக் கலந்திருந்தது என்பதை மறுத்தல் இயலாது. ஆயினும் இரண்டு மூன்று தலைமுறைகளுள் அச்சமயம் கரையோர மக்களின் வாழ்வோடு இணைந்துவிட்டது. புனிதர் திருநாள், தேர்ப்பவனி, தவக்காலத்து ஒப்பாரி என்பன அவர்களின் ஆண்டுச் சக்கரத்தின் கூறுகளாயின. ஒல்லாந்தர் அகற்ற முனைந்தது வெறும் கொள்கையை அன்று. ஊரின் வாழ்க்கை முறையையே ஆகும்.

அகற்றும் முறை சட்டத்தோடு தொடங்கிற்று. 1658ஆம் ஆண்டு செப்டெம்பர் 19ஆந் திகதிக் கட்டளை, கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடமளிப்போருக்கு மரண தண்டனை விதிக்கப்படும் என எச்சரித்தது. கோயில்கள் சீர்திருத்தச் சபையின் உடைமையாயின. ஊர்தோறும் பள்ளிகள் நிறுவப்பட்டன. பள்ளி ஆசிரியரே ஊர்ச் சபையின் கணக்கரும் ஆயினார். ஞானஸ்நானமும் திருமணமும் பள்ளித் தோம்பு எனப்பட்ட ஏட்டிற் பதியப்பட்டன. அவ்வேட்டிற் பெயரில்லாதவருக்குச் சட்டத்தின் கண்ணிலே திருமணமில்லை. அவர் பிள்ளைகளுக்கு முதுசொத்தில் உரிமை பெறுவது இடர்ப்பாடாயிற்று. அரச பதவிகளும் எட்டாக்கனியாயின. பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பாத பெற்றோருக்குக் குற்றப்பணம் விதிக்கப்பட்டது. கல்விச்சபையின் பிரதிநிதிகள் ஊரூராகச் சென்று, பிள்ளைகளுக்கு வினாவிடைப் பாடம் மனனமாயிற்றா எனச் சோதித்தனர்.

இத்திருச்சபையின் தலைவர்கள் எத்தகையோர்? அவர்களை வெறும் கொடியோராகச் சித்திரித்தல் வரலாற்றுக்கு நீதியாகாது. யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய பிலிப்பு பல்தேயு 1672இல் வெளியிட்ட நூலில், தம் பராமரிப்பிலிருந்த கோயில்களையும் பள்ளிகளையும் ஊர் ஊராக விவரிக்கின்றார். உழைப்பும் அக்கறையும் அந்நூலிலே தெளிவாகத் தெரிகின்றன. ஆயினும் தலைமையின் அடிப்படைக் குறை வேறிடத்திலிருந்தது. 1642 முதல் 1725 வரை இலங்கையிற் பணியாற்றிய 97 போதகருள் 8 பேரே சுதேச மொழிகளிற் பிரசங்கிக்க வல்லவராயிருந்தனர் என்று எமர்சன் தெனன்ற் 1850இல் வெளிவந்த தம் நூலிற் குறிப்பிடுகின்றார். மந்தையின் மொழியை அறியாத மேய்ப்பன், மந்தையை ஏட்டில் எண்ணி அறியலாமே தவிர, அதன் குரலைக் கேட்டறிதல் இயலாது.

இவ்வாறு எண்ணப்பட்டோர் உண்மையில் எவ்வாறு வாழ்ந்தனர்? இங்கேதான் நீங்கியோரின் முதற் சான்று கிடைக்கின்றது. அது எழுத்தன்று, நடத்தை. கரையோர மக்கள் பிள்ளையை ஒல்லாந்தர் கோயிலுக்குக் கொண்டு சென்று ஞானஸ்நானம் பெற்று ஏட்டிற் பெயர் பதிவித்தனர். திருமணத்தையும் அவ்வாறே பதிவித்து, மறைவாகக் குருவானவர் வரும் நாளில் அவர்முன் மீண்டும் வாக்களித்தனர். குருவில்லாத காலங்களில் மூப்பரும் அண்ணாவிமாரும் செபம் சொல்லிக்கொடுத்தனர். சாவீட்டில் நின்று மன்றாடினர். பகலில் ஒரு சபை, இரவில் மற்றொரு சபை என்ற இவ்விரட்டை வாழ்வு தலைமுறை தலைமுறையாக நீடித்தது.

இவ்வாழ்வுக்குத் துணைநின்றோர் கோவையிலிருந்து வந்த ஒறற்றோரியன் சபைக் குருமார். 1687இல் மாறுவேடத்தில் இலங்கை வந்த யோசப் வாஸ் அடிகள், யாழ்ப்பாணத்துச் சில்லாலையைத் தளமாகக் கொண்டு மறைவாகப் பணிபுரிந்தார். 1689இன் இறுதியில் அங்கே ஒல்லாந்தரின் அடக்குமுறை கடுமையாகியபோது அவர் நாடிய இடம், கண்டி அரசனின் ஆணைக்குட்பட்ட புத்தளமாகும். 1690இற் புத்தளத்தை அடைந்த அவர் அங்கிருந்தே 1692இற் கண்டிக்குச் சென்றார். 2015ஆம் ஆண்டு சனவரியிற் கொழும்பில் அவர் புனிதராகப் பிரகடனஞ் செய்யப்பட்டபோது, புத்தளக் களப்புக்கும் அவ்வரலாற்றில் ஓரிடம் உண்டு என்பதை நினைத்தோர் சிலரே.

1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளின் பணி வேறுவகையானது. தமிழையும் சிங்களத்தையும் கற்று இரு மொழியிலும் நூல்களியற்றிய அவர், 1742இல் இன்றைய புத்தளம் மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள போலவத்தையிற் காலமானார். அவர் இயற்றிய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்திலே கூட்டாக வாசிக்கவும் இசைக்கவும் பட்டது. ஏட்டின் அதிகாரம் ஒரு புறமும், ஊரார் ஒன்றுகூடி அழும் குரல் மறுபுறமும் நின்றபோது, மக்களின் உள்ளத்தை எது ஈர்த்திருக்கும் என்பதை ஊகித்தல் கடினமன்று.

எனினும் ஒல்லாந்தர் திருச்சபை இக்கரையோரத்துக்கும் தமிழுக்கும் ஒன்றும் ஈயவில்லை என்று முடிவுகட்டுதல் தவறாகும். அதன் பள்ளிகளிலே எளிய குடிப்பிள்ளைகள் எழுத்தறிவு பெற்றனர். 1737 முதற் கொழும்பில் அச்சியந்திரம் இயங்கத் தொடங்கிற்று. கொழும்பிற் பிறந்த தமிழரான பிலிப்பு தெ மெல்லோ (1723-1790) அச்சபையிலே போதகராக நியமனம் பெற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கினார். அம்மொழிபெயர்ப்பு 1759இல் வெளியாயிற்று. அவரைப்பற்றி விரிவாக எழுதிவைத்தவர் கற்பிட்டியிலே 1807இற் பிறந்த சைமன் காசிச்செட்டி என்பது இங்கே நினைவுகூரத் தக்கது. 1859இல் வெளிவந்த 'தமிழ் புளூராக்' என்னும் அவரது நூலிலே தெ மெல்லோவும் தமிழ்ப் புலவர் வரிசையில் இடம்பெறுகின்றார். சபைச் சார்பினைக் கடந்து ஒருவரின் தமிழ்ப்பணியை மதிப்பிட்ட அந்நோக்கு, பின்வந்த ஆராய்ச்சியாளருக்கு நல்ல முன்மாதிரி.

1795இற் கற்பிட்டியும் 1796இற் கொழும்பும் ஆங்கிலேயர் வசமாயின. 1799இல் ஆள்பதி நோர்த் மனச்சாட்சிச் சுதந்திரத்தைப் பிரகடனஞ் செய்தார். 1806ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆள்பதி மெயிற்லாந்து வெளியிட்ட ஒழுங்குவிதி கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கிற்று. அவர்தம் திருமணங்களும் சட்டத்தின் அங்கீகாரம் பெற்றன. ஏட்டிற் பெயர் பதிவித்தே வாழவேண்டிய தேவை அன்றே அகன்றது. நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையிலே சீர்திருத்தக் கிறித்தவராகக் கணக்கிடப்பட்டோர் 3 இலட்சத்துக்கு மேற்பட்டவர் என்பர். சில ஆண்டுகளில் அத்தொகை பெரிதும் சுருங்கிற்று. சிலர் சைவத்துக்கும் பௌத்தத்துக்கும் மீண்டனர். புத்தளக் கரையோரத்தில் மீண்டோர் பெரும்பாலும் கத்தோலிக்கத்துக்கே மீண்டனர். 1840களில் தலவிலையில் எழுந்த அன்னம்மாள் பேராலயம், மறைவில் வழிபட்டோரின் வழித்தோன்றல்கள் வெளிப்படையாக எழுப்பிய சான்றென்று கூறத்தக்கது.

நீங்கியோர் சான்றை மதிப்பிடுமிடத்து மூன்று எச்சரிக்கைகள் வேண்டப்படுகின்றன. முதலாவது, ஏடு எண்ணிக்கையைக் காட்டுமேயன்றி உடன்பாட்டைக் காட்டாது. உரிமைக்காக இட்ட கையொப்பத்தை விசுவாச அறிக்கையாகக் கொண்டதே ஒல்லாந்தர் தலைமையின் பெருந்தவறு. பின்வந்த வரலாற்றாசிரியரும் அத்தவற்றைப் புரிதல் கூடாது. இரண்டாவது, நீங்கியோரைப்பற்றி நாம் அறிவனவற்றிற் பெரும்பகுதி அவர்களை வரவேற்ற சபையின் குருமார் எழுதிய கடிதங்களின் வழியே வருவது. அக்கடிதங்கள் உறுதியாக நின்றோரைப் போற்றும். ஊசலாடியோரைப்பற்றி அதிகம் பேசா. உண்மையில் ஊசலாடியோரே மிகப் பலராதல் வேண்டும். இரு பக்கமும் தலையசைத்து வாழ்ந்த குடும்பத்தலைவனைக் கோழையென்று இகழ்தல் எளிது. பிள்ளைகளின் காணியுரிமை பறிபோகும் நிலையில் அவன் என்ன செய்திருக்கலாம் என்று கேட்டலே வரலாற்று மாணவனின் கடமை. மூன்றாவது, நீங்கியோர் எல்லாவற்றையும் உதறிவிட்டு நீங்குவதில்லை. ஒல்லாந்தர் பள்ளியிற் கற்ற எழுத்தும், பிறப்பையும் மணத்தையும் பதிந்துவைக்கும் வழக்கமும் அவர்களோடு கூடவே சென்றன. அதுபோலவே, நீண்டகால இரட்டை வாழ்வு விதைத்த அச்சமும் ஐயமும் கூடவே சென்றிருக்கலாம்.

சுவாமி ஞானப்பிரகாசர், பூடன்ஸ், பெர்னியோலா ஆகிய அடிகளாரும், பேராசிரியர் சி. அரசரத்தினம் போன்றோரும் ஒல்லாந்தர் காலத்து ஆவணங்களை ஆராய்ந்து இத்துறைக்கு வழிகாட்டியுள்ளனர். எனினும் கரையோர மக்களின் வாய்மொழி மரபு இன்னும் முழுமையாகத் திரட்டப்படவில்லை. எந்தக் குடும்பம் குருவுக்குத் தோணி வலித்தது, எந்த வளவில் மறைவாகப் பூசை நடந்தது, எந்தப் பாட்டு யார் வாயிலாக வந்தது என்னும் செய்திகள் தோம்புகளில் இரா.

இத்தேடலுக்குக் காலமும் நெருக்கடியாகவே உள்ளது. சிலாபம் முதல் நீர்கொழும்பு வரையான கரையோரக் கத்தோலிக்கக் குடும்பங்கள் பல, கடந்த நூற்றாண்டிலே தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாறின. வீட்டிலே தமிழ் பேசிய பாட்டியும், தமிழ் அறியாத பேரப்பிள்ளையும் ஒரே கூரையின்கீழ் வாழும் நிலை ஏற்பட்டது. ஒல்லாந்தர் ஏட்டுக்கும் கட்டளைக்கும் தப்பி வந்த நினைவுகள், கேட்போர் மொழி மாறியமையால் மறைந்துபோகும் நிலையில் உள்ளன. அம்மக்கள் எம்மொழி பேசினும் அந்நினைவு அவர்களுக்கே உரியது. அதைத் தமிழிலும் சிங்களத்திலும் கேட்டுப் பதிவுசெய்தல் இரு மொழி மாணவரும் சேர்ந்து ஆற்றவேண்டிய பணி. விடுமுறையில் ஊர் செல்லும் புத்தளம் மாவட்ட மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரின் முதியோர் ஒருவரிடமேனும் அமர்ந்து கேட்பாராயின், நீங்கியோரின் குரல் முதன்முறையாக அவர்தம் வழித்தோன்றல்களின் வாயிலாகவே வரலாற்றில் இடம்பெறும்.