கரங்கஹாபே சாலை

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகர மையத்தின் தெற்கு விளிம்பில், ஒரு மேட்டு முகட்டின் மீது கிழக்கு மேற்காக ஓடும் கடைத்தெரு. நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். ஊர்க்காரர்களுக்கு இது 'கே ரோடு'. உணவகம், இசைக்கூடம், பழைய துணிக்கடை, இரவு விடுதி என்று இன்று பேர் பெற்றிருக்கும் இத்தெரு, நூறாண்டுக்கு முன் குடும்பத்தோடு துணிமணி எடுக்கப் போகிற தெரு. அதைப் புரட்டிப் போட்டதில் பெரும்பங்கு ஒரு நெடுஞ்சாலைக்கு உண்டு.

ஐரோப்பியர் வருவதற்கு முன்பே முகட்டின் மேல் மாவோரிகளின் நடைவழி இருந்தது. ஊனக்காலன் என்று படகில் இடம் தராமல் விட்டுவரப்பட்ட ஹாபே என்னும் மூதாதை, திருக்கை மீனின் மேலேறி முந்தி வந்து, தன்னை விட்டுவந்தவர்களையே கரையில் நின்று கூவி வரவேற்றார் என்பது மரபுக்கதை. சாலையின் பெயர் அந்தக் கூவலிலிருந்து வந்தது.

1902இல் மின்சார டிராம் வந்ததும் வியாபாரம் பெருகியது. சாலையின் கிழக்குக் கோடியில் 1910இல் திறக்கப்பட்ட கிராஃப்டன் பாலம், அன்றைக்கு உலகின் மிக நீண்ட கான்கிரீட் வளைவுகளில் ஒன்றைக் கொண்டது. ஜார்ஜ் கோர்ட், ரெண்டல்ஸ் போன்ற பெரிய ஜவுளிக்கடைகள் எழுந்தன. 1924இல் கட்டிய செயின்ட் கெவின்ஸ் ஆர்கேடில் அக்காலச் செழிப்பை இன்றும் பார்க்கலாம்: இருபுறமும் சிறு கடைகள், கோடியில் உயர்ந்த கண்ணாடிச் சன்னல்கள், அங்கிருந்து மையர்ஸ் பூங்காவுக்கு இறங்கும் படிகள். கடைவீதி களைகட்டினாலும் இரவு வாழ்க்கை பெயரளவுக்கே. 1917 முதல் நாடு முழுவதும் மதுக்கடைகள் மாலை ஆறு மணிக்கு மூடப்பட்டன. அந்தக் கட்டுப்பாடு 1967இல்தான் நீங்கியது.

அதற்குள் கடைவீதியின் காலடி மண் சரியத் தொடங்கியிருந்தது. டிராம் 1956இல் நின்றது. 1963இல் புறநகர் நியூ லின்னில் நாட்டின் முதல் மால் திறந்தது. 1960, 70களில் நெடுஞ்சாலைச் சந்திப்புக்காகப் பக்கத்து நியூட்டன் பள்ளத்தாக்கின் வீடுகள் தெருத்தெருவாக இடிக்கப்பட்டன. கடைகளுக்கு நடந்தே வந்துகொண்டிருந்த வாடிக்கையாளர்கள், அங்கு குடியேறியிருந்த பசிபிக் தீவுக் குடும்பங்கள் உட்பட, ஊர் விளிம்புகளுக்குச் சிதறினார்கள். ஜார்ஜ் கோர்ட் 1988 வரை தாக்குப்பிடித்தது. அதன் கட்டடம் பின்னர் அடுக்குமாடி வீடுகளானது.

வாடகை விழுந்த இடத்தில், வேறு தெருக்கள் வாசலில் நிறுத்தியவர்கள் வந்து சேர்ந்தார்கள். பிங்க் புஸிகேட் போன்ற ஆடை அவிழ்ப்பு விடுதிகள், ஓவியர்கள், இசைக்குழுக்கள், தன்பாலினத்தவரின் மதுக்கூடங்கள். ஆண்களின் தன்பாலுறவு குற்றமல்ல என்று 1986இலும், பாலியல் தொழில் குற்றமல்ல என்று 2003இலும் சட்டங்கள் வந்தன. சட்டம் இறங்கி வருமுன்பே கே ரோடு அவர்களுக்கு இடம் கொடுத்திருந்தது. 'லாஸ் வேகாஸ்' விடுதியின் முகப்பில் வரையப்பட்ட பெண்ணுருவத்தை இப்போது ஊரார் பாரம்பரியச் சின்னமாகவே பாவிக்கிறார்கள்!

உணவிலும் மலிவான இடமே வழிவிட்டது. துருக்கிக் கபாப், லெபனான் உணவு, தென்னிந்தியத் தோசை எல்லாம் சில நிமிட நடைக்குள் கிடைத்தன. இசைக்கும் அதே கதை: செயின்ட் கெவின்ஸ் ஆர்கேடின் தரைக்குக் கீழே வாமி பார், வைன் செல்லர் ஆகிய சிறு அரங்குகள் புது இசைக்குழுக்களை மேடையேற்றின.

2021 வாக்கில் சைக்கிள் தடங்களுடன் சாலை சீரமைக்கப்பட்டது. நகரச் சுரங்க ரயில் திட்டத்தின் கரங்கா-அ-ஹாபே நிலையம் 30 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் அமைந்துள்ளது. வாசல்களில் ஒன்று, 1910இல் எழுந்த மெர்குரி அரங்கு நிற்கும் சந்தில். இன்னொன்று பெரஸ்ஃபோர்டு சதுக்கத்தில். நெடுஞ்சாலை விரட்டிய கூட்டத்தை ரயில் திருப்பிக் கொண்டுவரும். கூடவே வாடகையும் ஏறும்; பழைய துணிக்கடைகளும் தரையடி அரங்குகளும் அதைத் தாங்குவது கடினம்.