தொண்டை நாட்டு வெண்ணெயும் முறுகல் வில்லையும்

வெண்ணெயை உருக்கி, நீர் வற்றிய பிறகும் அடுப்பிலிருந்து இறக்காமல் விட்டால், அடியில் தங்கும் பால் கசடு பொன்னிறமாகிப் பின் பழுப்பாகும். வறுத்த கொட்டையின் மணம் எழும். அந்த நிலையில் இறக்கிய வெண்ணெயைக் கசடோடு சேர்த்து, மாவு, சர்க்கரை, முந்திரி அல்லது நிலக்கடலை கலந்து சுட்டுத் துண்டு போடும் இனிப்பு வில்லைகள் இன்று தமிழக நகரங்களில் வீட்டுச் சமையலறைகளுக்கு வந்துள்ளன. பிரெஞ்சுச் சமையலில் இவ்வாறு முறுகவிட்ட வெண்ணெயைக் கொட்டையின் பெயரால் 'நுவாசெட்' வெண்ணெய் என்பார்கள்.

பெயர் புதிதானாலும் இந்த மணம் தமிழ் வீடுகளுக்குப் புதிதல்ல. நெய் காய்ச்சிய ஒவ்வொரு வீட்டிலும் அது இருந்தது. இடையில் அது வீட்டை விட்டு வெளியேறியது. அது எப்படி நேர்ந்தது என்பதைத் திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தை மையமாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

வெண்ணெய் முறுகும் விதம்

கடையில் விற்கும் வெண்ணெயில் ஏறத்தாழ 80 விழுக்காடு கொழுப்பு. 16 விழுக்காடு வரை நீர். மீதி பால் புரதமும் பால் சர்க்கரையும். சில வகைகளில் உப்பும் உண்டு. அடுப்பில் வைத்ததும் முதலில் நீர் கொதித்து ஆவியாகிறது. சடசடவென்று கேட்கும் ஓசை அதனால்தான். நீர் இருக்கும் வரை வெப்பம் 100 டிகிரி செல்சியசைப் பெரிதும் தாண்டாது. ஓசை அடங்கிய பின் வெப்பம் விரைந்து ஏறும். ஏறத்தாழ 120 டிகிரியை ஒட்டிப் புரதமும் பால் சர்க்கரையும் வினைபுரிந்து பழுப்பு நிறமும் மணமும் உண்டாகின்றன. இவ்வினையைப் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமில் மேயார் 1912இல் விளக்கினார். ரொட்டியின் மேலோடு சிவப்பதற்கும் காப்பிக்கொட்டை வறுபடும்போது மணப்பதற்கும் இதில் பெரும் பங்கு உண்டு.

நெய் காய்ச்சுவதும் இதே வழிதான். வேறுபாடு இரண்டே இடங்களில். முதலாவது, எந்தப் பதத்தில் இறக்குகிறோம் என்பது. இரண்டாவது, கசடை வடிகட்டுகிறோமா, சேர்த்தே வைத்துக்கொள்கிறோமா என்பது. தென்னிந்தியாவில் நெய்யைச் சற்றுக் கூடுதல் வெப்பத்தில் காய்ச்சும் வழக்கம் உண்டு. அதனால் அதில் வறுத்த மணம் மிகுதி. இறக்குவதற்கு முன் முருங்கைக்கீரையோ கறிவேப்பிலையோ போடுவார்கள். அடியில் மிஞ்சும் கசடைத் தமிழ் வீடுகளில் 'கசண்டு' என்றும் சொல்வர். அதில் சர்க்கரை தூவிக் குழந்தைகளுக்குக் கொடுப்பதும், நெய் காய்ச்சிய பாத்திரத்திலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்து உண்பதும் பல குடும்பங்களின் பழக்கம். கொட்டை மணம் முழுதும் நெய்யில் இல்லை. பெரும்பகுதி இந்தக் கசண்டில்தான் தங்கியிருக்கிறது.

நெய் பயணம் செய்த காலம்

இன்றைய திருவள்ளூர் மாவட்டம் பழைய தொண்டை நாட்டின் ஒரு பகுதி. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆய்மகள் வருகிறாள். விடியற்காலையில் தயிர் கடைகிறாள். மத்தின் ஓசை புலியின் குரலுக்கு ஒப்பிடப்படுகிறது. மோரை விற்றுக் கிடைத்த தானியத்தால் சுற்றத்தாருக்கு உணவளிக்கிறாள். நெய்யை விற்ற விலைக்கு அவள் பொன் வாங்குவதில்லை. எருமையும் பசுவும் கன்றும் வாங்குகிறாள்.

இக்காட்சியில் ஒரு பொருளாதாரக் கணக்கு இருக்கிறது. மோர் அன்றாடத் தேவைக்கு, நெய் முதலீட்டுக்கு. பால் சில மணி நேரத்தில் திரிந்துவிடும். தயிர் ஓரிரு நாளில் புளித்துவிடும். நீர் வற்றக் காய்ச்சிய நெய் மாதக்கணக்கில் கெடாது. குளிரூட்டும் வசதி இல்லாத காலத்தில் பாலின் மதிப்பை ஊர் விட்டு ஊர் கொண்டு செல்ல நெய்யே ஏற்ற வடிவம். எனவே காய்ச்சும் வேலை மாடு இருந்த இடத்திலேயே, பெரும்பாலும் பெண்களின் கையில், நடந்தது.

கோயில் கல்வெட்டுகளும் இதையே காட்டுகின்றன. சோழர் காலத்தில் ஒரு நந்தா விளக்கு எரிக்க 90 அல்லது 96 ஆடுகள் கொடையாக விடப்பட்டன. மன்றாடி எனப்பட்ட இடையர்கள் அவற்றைப் பெற்றுக்கொண்டு, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க ஒப்புக்கொண்டனர். மந்தை எண்ணிக்கை குறையாமல் காக்கப்பட வேண்டும் என்பதால் அவை 'சாவா மூவாப் பேராடு' எனப்பட்டன. இவ்வட்டாரத்தை அடுத்த திருவொற்றியூர்க் கோயிலிலும் விளக்குக்கொடைக் கல்வெட்டுகள் உள்ளன. ஓர் அரசின் கணக்கில் நெய் நெல்லைப் போலவே அளந்து எழுதப்பட்ட பொருளாக இருந்தது.

கொட்டைகள் வந்த வழி

வில்லையில் சேரும் முந்திரியும் நிலக்கடலையும் அந்த ஆய்மகளுக்குத் தெரியாதவை. இரண்டும் தென்னமெரிக்கப் பயிர்கள். முந்திரி பிரேசிலிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் வழியாக இந்தியா வந்தது. அதே நூற்றாண்டில் அவர்கள் கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே உள்ள பழவேற்காட்டிலும் வணிகம் செய்தனர். 1610இல் டச்சுக்காரர்கள் அங்கே காலூன்றி, கெல்டிரியா கோட்டையைத் தங்கள் சோழமண்டலக் கரை வணிகத்தின் தலைமையிடமாக ஆக்கினர். நிலக்கடலை 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தின் பெரிய பணப்பயிர்களில் ஒன்றாகி, ஐரோப்பிய எண்ணெய் ஆலைகளுக்கு ஏற்றுமதியானது.

புதிய கொட்டைகள் பழைய நெய்யோடு எளிதில் சேர்ந்தன. நெய்யில் வறுத்த முந்திரி இன்றிப் பொங்கலும் கேசரியும் இல்லை என்னும் அளவுக்கு அது ஊறிவிட்டது. வில்லையாக வெட்டும் இனிப்புகளில் நெய்யின் முறுகலை முழுமையாகப் பயன்படுத்துவது மைசூர்பாகு. நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் அரண்மனைச் சமையற்காரர் காகாசுர மாதப்பா இதை முதலில் செய்தார் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. கொதிக்கும் நெய்யைக் கடலைமாவுப் பாகில் கரண்டி கரண்டியாக ஊற்றும்போது நெய்யின் சூட்டிலேயே மாவு வறுபட்டு, நடுப்பகுதி சிவந்து கூடு விடுகிறது. வெண்ணெய்க் கசண்டு தரும் மணத்தை இங்கே வறுபடும் கடலைமாவு தருகிறது.

நெய்யில் கலப்படம்

1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை திறக்கப்பட்டது. அது திருவள்ளூர் வழியாகச் சென்றது. நகரம் வளர வளர, நெய் வாங்குபவருக்குக் காய்ச்சியவர் யார் என்று தெரியாத நிலை ஏற்பட்டது. தெரிந்த கையிடம் வாங்கும்போது மோந்து பார்த்தால் போதும். தெரியாத சந்தையில் அது போதவில்லை. 1918இல் சென்னை மாகாணத்தில் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் இயற்றப்பட்டது.

1930களில் வனஸ்பதி வந்தது. தாவர எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றி உறைய வைத்த கொழுப்பு அது. டால்டா என்ற வணிகப் பெயரே பொதுப்பெயராகும் அளவுக்குப் பரவியது. விலை குறைவு, பார்வைக்கு நெய். வணிகர்கள் நெய்யில் கலப்பது எளிதாயிற்று. இதைக் கண்டுபிடிக்க, வனஸ்பதியில் குறைந்தது 5 விழுக்காடு நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று இந்தியாவில் விதி செய்யப்பட்டது. நல்லெண்ணெய் கலந்த கொழுப்பை ஃபர்ஃபுரால், ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஆகியவற்றோடு குலுக்கினால் சிவப்பு நிறம் தோன்றும். இது பௌடோயின் சோதனை எனப்படும். 1937ஆம் ஆண்டு வேளாண் விளைபொருள் தரப்படுத்தும் சட்டத்தின் கீழ் வந்த அக்மார்க் முத்திரை நெய்க்கும் வழங்கப்பட்டது. மூக்கு செய்துவந்த வேலையை ஆய்வுக்கூடம் ஏற்றுக்கொண்டது.

பால் பயணம் செய்யத் தொடங்கியது

வெண்ணெய் எடுப்பது வீட்டை விட்டுப் போனதற்கு வனஸ்பதி முதன்மைக் காரணம் அல்ல. பாலையே கெடாமல் கொண்டு செல்ல முடிந்ததுதான் காரணம். சென்னையின் வடமேற்கு விளிம்பில், முன்பு திருவள்ளூர் மாவட்டத்தோடு இருந்த மாதவரத்தில் பால் குடியிருப்பும் பால் பண்ணையும் உருவாயின. 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டத்தின் முதற்கட்டத்தில் பால் வழங்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட நான்கு பெருநகரங்களில் சென்னையும் ஒன்று. அம்பத்தூரிலும் பெரிய பண்ணை எழுந்தது. 1981இல் தமிழ்நாடு கூட்டுறவு பால் உற்பத்தியாளர் இணையம் அமைந்தது. அதன் ஆவின் பெயரை அறியாத வீடு தமிழகத்தில் அரிது. திருவள்ளூரை அடுத்த காக்களூர் தொழிற்பேட்டையிலும் ஆவின் பண்ணை இயங்குகிறது.

கிராமத்துச் சங்கத்தில் காலையும் மாலையும் பாலை அளந்து ஊற்றினால், கொழுப்பைச் சோதித்து அதற்கேற்ப விலை போடுகிறார்கள். கடைவது, உருக்குவது, காய்ச்சுவது, சந்தைக்குச் சுமப்பது ஆகிய வேலைகள் மாடு வளர்ப்பவருக்குக் குறைந்தன. பணம் தவணை தவறாமல் வர வழி பிறந்தது. இது சிறிய நன்மை அல்ல. ஆனால் பாலேடும் தயிரும் கசண்டும் அந்த வீட்டில் தங்குவது நின்றது.

வாங்கும் வீட்டிலும் இதே மாற்றம் நிகழ்ந்தது. 1971இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை அமைத்தது. ஷிப்ட் முறையில் வேலைக்குச் செல்லும் குடும்பங்களுக்குப் பாக்கெட் பாலே வசதி. நீல உறையில் வரும் சமன்படுத்திய பாலில் 3 விழுக்காடு கொழுப்பு. எருமைப்பாலில் பொதுவாக 6 முதல் 7 விழுக்காடு. ஒரு கிலோ நெய்க்குரிய கொழுப்பு ஏறத்தாழ 15 லிட்டர் எருமைப்பாலில் கிடைக்கும். சமன்படுத்திய பாலிலோ 33 லிட்டர் வேண்டும். ஒருமைப்படுத்திய பாலாக இருந்தால் கொழுப்புத் துளிகள் நுண்மையாக்கப்பட்டிருப்பதால் ஏடும் சரியாகப் படியாது. மத்து பரணுக்குப் போனதற்குச் சோம்பல் காரணம் அல்ல. கடைவதற்குப் பாலில் ஒன்றும் இல்லை.

தொழிற்சாலை நெய்யின் மணமும் வேறு. பல பண்ணைகளில் தயிர் கடைவதில்லை. பாலிலிருந்து பிரித்த பாலேட்டை வெண்ணெயாக்கி உருக்குகிறார்கள். புளிப்பேறிய தயிர் தரும் சுவைப்பொருள்கள் அதில் குறைவு. கசடு முழுதும் வடிகட்டப்பட்டுக் கழிவுப் பொருளாகிறது. நெய் கெடாமல் காக்கும் பாஸ்போலிப்பிடுகள் இக்கசடில் மிகுதி என்று பால் தொழில்நுட்ப ஆய்வுகள் காட்டியுள்ளன. அதை இனிப்புகளில் சேர்க்கும் வழிகளும் ஆராயப்பட்டுள்ளன.

வில்லையாகத் திரும்புதல்

முறுகல் வெண்ணெய் வில்லையில் கசடை வடிகட்டுவதில்லை என்பதே வரலாற்று நோக்கில் முக்கியமானது. கடை வெண்ணெயை வாங்குபவரும் கடைசிக் கட்டத்தைத் தம் அடுப்பில் முடித்துக்கொள்ள முடிகிறது.

உப்பில்லாத சமையல் வெண்ணெய் 170 கிராம் எடுத்து, அடி கனத்த, உட்புறம் வெளிறிய பாத்திரத்தில் மிதமான தீயில் உருக்க வேண்டும். கறுத்த பாத்திரத்தில் நிறம் தெரியாது. ஓசை அடங்கி, நுரை மீண்டும் பொங்கி, கசடு முந்திரித் தோலின் நிறத்துக்கு வந்ததும் உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும். அடுப்பை அணைத்தாலும் பாத்திரச் சூட்டில் அரை நிமிடத்தில் கருகிவிடும். ஆறிய பின் 200 கிராம் நாட்டுச் சர்க்கரை, 2 முட்டை, 190 கிராம் மைதா, ஒரு சிட்டிகை உப்பு, வறுத்து உடைத்த முந்திரி அல்லது நிலக்கடலை 100 கிராம் சேர்த்துக் கலக்கலாம். 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டில் பரப்பி, 175 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ 25 நிமிடம் சுட வேண்டும். நன்றாக ஆறிய பிறகே துண்டு போட வேண்டும். மின் அடுப்பு இல்லாத வீடுகளில் கனமான பாத்திரத்தில் மணல் பரப்பிச் சூடேற்றி, அதனுள் தட்டை வைத்து மூடிச் சுடும் பழைய முறையும் பயன்படும். நேரம் சற்றுக் கூடும்.

பெரும்பாணாற்றுப்படையின் ஆய்மகளுக்கு மாடு, மத்து, அடுப்பு, சந்தை நான்கும் ஒரே கையில் இருந்தன. இன்று மாடு ஓர் ஊரில், கடையும் எந்திரம் வேறோர் ஊரில், விற்பனை இன்னோர் இடத்தில். பாலுக்கு விலையும் தூய்மைக்குச் சோதனையும் இந்தப் பிரிவினால்தான் உறுதியாயின. நுகர்வோர் இழந்தது பதம் பார்க்கும் பழக்கத்தை. எப்போது இறக்குவது என்பதை எந்த முத்திரையும் சொல்வதில்லை. அது ஓசையையும் நிறத்தையும் மணத்தையும் கவனித்து, பக்கத்தில் நின்றவரிடம் கற்றுக்கொள்வது. ஒரு தலைமுறை அடுப்பருகில் நிற்காவிட்டால், அடுத்த தலைமுறை அதை வேறொரு மொழியின் பெயரில்தான் கற்க வேண்டியிருக்கும்.