லிங்கராஜபுரமும் கருப்பைவாய்ப் புற்றுநோயின் நாற்பதாண்டுக் கணக்கும்

பெங்களூரின் வடகிழக்கில், குக் டவுனுக்கு அப்பால் ரயில் பாதையைக் கடந்ததும் தொடங்கும் லிங்கராஜபுரம், கன்டோன்மென்ட் என்ற படைக்குடியிருப்பின் விளிம்பை ஒட்டி வளர்ந்து, பின்னர் நகரத்துக்குள் அடங்கிப்போன பகுதிகளுள் ஒன்று. 1809இல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து ஆங்கிலப் படை இங்கு இடம் மாறியபோது அதனுடன் ஆற்காடு, வேலூர்ப் பக்கத்துத் தமிழர்களும் வந்தனர். 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வந்த பின் அந்த வரவு பெருகியது. 1898இன் பிளேக் நோய்க்குப் பிறகு நெரிசலைக் குறைக்கவென ஃபிரேசர் டவுன் போன்ற புதிய குடியிருப்புகள் வடகிழக்காக விரிந்தபோது, அவற்றுக்கு வெளியே இருந்த சிற்றூர்களில் தொழிலாளர் குடும்பங்கள் தங்கின. இப்பகுதிகளின் வரலாற்றைக் கோயில்கள், தேவாலயங்கள், பள்ளிகள், ஆலைகள் வழியாக எழுதுவது வழக்கம். இங்கு வாழ்ந்த பெண்களின் உடல்நல வரலாற்றுக்கு வேறொரு ஆவணமும் இருக்கிறது: ஓசூர் சாலையிலுள்ள கித்வாய் நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையில் 1982 முதல் பேணப்பட்டு வரும் புற்றுநோய்ப் பதிவேடு.

பதிவேடு தொடங்குவதற்கு முந்தைய காலத்தைப் பற்றிச் சொல்லக்கூடியது குறைவே. புற்றுநோய் மேலைநாட்டாருக்கே உரிய நோய், இந்தியர்களிடம் அது அரிது என்ற எண்ணம் காலனியாட்சிக்கால மருத்துவர்களிடையே நெடுநாள் நிலவியது. 1930களில் ஆய்வாளர்களான விஸ்வநாத்தும் கிரேவாலும் பல மாகாணங்களின் மருத்துவமனைக் குறிப்புகளைத் திரட்டி, இந்தியர்களிடமும் இந்நோய் மிகுதியாகவே இருக்கிறது, வெளியே தெரிவதில்லை என்பதே வேறுபாடு என்று நிறுவினர். கருப்பையின் அடிப்பகுதி பிறப்புறுப்புப் பாதையோடு சேரும் குறுகிய கழுத்தான கருப்பைவாயில் தோன்றும் புற்றே இந்தியப் பெண்களிடம் முதலிடம் வகித்தது. வெள்ளைப்படுதல், மாதவிடாய் நின்ற பிறகும் இரத்தம் போதல் ஆகிய அறிகுறிகளை வெளியே சொல்லக் கூச்சப்பட்ட பெண்கள் மருத்துவமனைக்கு வருவதற்குள் நோய் இடுப்பெலும்புவரை பரவியிருக்கும். சென்னை பொது மருத்துவமனையின் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934இல் திறக்கப்பட்டு ரேடியம் சிகிச்சையை அளித்தது. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவானது. பெங்களூரில் கித்வாய் மருத்துவமனை 1973இல் அமைந்தது. மக்கள் 'கரண்ட் வைப்பது' என்று சொல்லும் கதிர்வீச்சுச் சிகிச்சைக்காக இம்மருத்துவமனைகளின் வாசலில் காத்திருந்தவர்களில் கருப்பைவாய்ப் புற்றுடைய பெண்கள் பெரும்பங்கினராக இருந்தனர்.

ஆயினும் ஒரு மருத்துவமனைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதைக் கொண்டு ஓர் ஊரில் நோய் எவ்வளவு என்று கூற இயலாது. வராதவர்கள் கணக்கில் சேர்வதில்லை, வெளியூரிலிருந்து வந்தவர்கள் சேர்ந்துவிடுகிறார்கள். இக்குறையை நீக்கவே மக்கள்தொகை அடிப்படையிலான பதிவகம் என்ற முறை வந்தது. ஓர் எல்லையை வகுத்து, அதற்குள் வசிக்கும் எவருக்குப் புற்றுநோய் உறுதியானாலும், சிகிச்சை எங்கு நடந்தாலும், அவரை ஒருமுறை மட்டும் பதிவு செய்வதே இதன் விதி. பம்பாயில் இந்தியப் புற்றுநோய்ச் சங்கம் 1963இலேயே இதைத் தொடங்கியிருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தேசியப் புற்றுநோய்ப் பதிவகத் திட்டத்தை வகுத்து, 1982 தொடக்கத்திலிருந்து பெங்களூரையும் சென்னையையும் அதனுடன் இணைத்தது. புற்றுநோயை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் அன்று இல்லாததால், பதிவகப் பணியாளர்கள் தாமே மருத்துவமனைகளுக்கும், திசு ஆய்வகங்களுக்கும், மாநகராட்சியின் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகங்களுக்கும் சென்று பெயர், வயது, முகவரி, நோயுற்ற உறுப்பு ஆகியவற்றைக் கையால் எழுதி வந்தனர். நாடு முழுவதுமுள்ள பதிவகங்களின் கணக்குகளைத் தொகுக்கும் பணியும் பெங்களூரிலேயே அமைந்தது. இன்று நோய்த் தகவலியல் ஆராய்ச்சிக்கான தேசிய மையம் அதைச் செய்கிறது. இந்த எளிய, சலிப்பூட்டும் உழைப்பு இல்லாதிருந்தால் பின்வரும் எதையும் எழுதியிருக்க முடியாது என்பதால், இப்பணியாளர்கள் பெயரில்லாமலாவது நினைவுகூரப்பட வேண்டியவர்கள்.

பதிவகம் தரும் எண்ணைப் படிக்க ஒரு விளக்கம் தேவை. முதியோர் மிகுந்த ஊரில் புற்றுநோய் இயல்பாகவே அதிகமாகத் தெரியும். இளையோர் மிகுந்த ஊரில் குறைவாகத் தெரியும். ஆகவே எல்லா ஊர்களுக்கும் ஒரே கற்பனையான வயதமைப்பைப் பொருத்தி, அந்த அமைப்பில் லட்சம் பெண்களுக்கு ஆண்டுதோறும் எத்தனை பேர் புதிதாக நோயுறுவர் என்று கணக்கிடுகிறார்கள். இதுவே வயதுச் சீராக்கிய வீதம். இதையும் நகர அளவில்தான் நம்பிப் படிக்க முடியும். இருபத்தைந்தாயிரம் பெண்கள் வசிக்கும் ஒரு பகுதியில் ஆண்டுக்கு மூன்று, நான்கு பேருக்கே இந்நோய் புதிதாக வரும். மறு ஆண்டு அது ஒன்றாகவோ ஏழாகவோ ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம். லிங்கராஜபுரம் போன்ற ஒரு வட்டாரம் நகரின் சராசரிக்குள் கரைந்துபோவதற்குக் காரணம் இதுதான். வசதியான தெருவுக்கும் அதை ஒட்டிய நெருக்கடியான குடியிருப்புக்கும் இடையிலுள்ள தூரம் அந்தச் சராசரியில் தெரிவதில்லை.

முதலாண்டுகளின் கணக்கு மூன்று நகரங்களையும் வெகு தொலைவில் நிறுத்தியது. சென்னையில் வீதம் லட்சத்துக்கு 40ஐ ஒட்டி இருந்தது; அன்று உலகப் பதிவகங்களில் காணப்பட்ட உயர்ந்த அளவுகளுள் அதுவும் ஒன்று. பெங்களூர் அதற்கு அடுத்து நின்றது, பம்பாய் சென்னையின் பாதியைக்கூட எட்டவில்லை. கிராமப்புறத்துக்கென 1987இல் மகாராஷ்டிரத்தின் பார்ஷி என்ற ஊரில் தொடங்கிய பதிவகமும், 1990களின் நடுவில் திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையில் தொடங்கிய பதிவகமும், நகரப் பெண்களைவிட நாட்டுப்புறப் பெண்களுக்கே இந்நோய் மிகுதி என்பதைக் காட்டின. 2012 முதல் 2016 வரையான காலத்துக்குத் தேசியத் திட்டம் வெளியிட்ட அறிக்கையில் அருணாசலப் பிரதேசத்தின் பாபும்பரே மாவட்டம் 27.7 என்ற வீதத்தோடு உச்சத்திலும், அசாமின் திப்ருகர் 4.8 என்ற வீதத்தோடு அடியிலும் இருந்தன. அண்டை மாநிலங்களிலுள்ள இவ்விரு மாவட்டங்களுக்கும் இடையில் ஏறத்தாழ ஆறு மடங்கு வேறுபாடு!

இவ்வேறுபாட்டின் வேரைத் தேடும் முயற்சி பழையது. இத்தாலியின் வெரோனா நகர மரணப் பதிவுகளை ஆராய்ந்த ரிகோனி ஸ்டெர்ன் என்ற மருத்துவர், கருப்பைப் புற்று மணமான பெண்களிடம் மிகுதி, கன்னியாஸ்திரீகளிடம் அரிது என்று 1842இல் எழுதினார். உடலுறவின் வழியே பரவும் ஏதோ ஒன்று இதன் பின்னே இருக்கிறது என்ற ஐயம் அப்போதே பிறந்தது. அது ஹியூமன் பாப்பிலோமா வைரஸ் என்பதை ஜெர்மானியரான ஹரால்டு சூர் ஹவுசன் 1980களில் நிறுவி, 2008இல் நோபல் பரிசு பெற்றார். பெரும்பாலான பெண்களின் உடல் இந்த வைரஸைத் தானே வெளியேற்றிவிடுகிறது. சிலரிடம் மட்டும் பல்லாண்டுகள் தங்கி, கருப்பைவாயின் உயிரணுக்களை மெல்ல மாற்றிப் புற்றாக்குகிறது. தொற்றுக்கும் புற்றுக்கும் இடையே பத்து, இருபது ஆண்டுகள் கழிவதுண்டு. மிக இளம் வயதில் மணம், அடுத்தடுத்துப் பல பிரசவங்கள், புகையிலை, சத்துக்குறைவு ஆகியவை அந்த மாற்றத்துக்குத் துணைபோகின்றன. பம்பாயில் ஆய்வாளர்களான கானோல்கரும் பின்னர் ஜுசாவாலாவும் சமூகவாரியாகக் கணக்கெடுத்தபோது முஸ்லிம் பெண்களிடமும் பார்சிப் பெண்களிடமும் இந்நோய் குறைவாக இருந்தது. ஆண்களின் சுன்னத்து வழக்கம் ஒரு காரணம் என்பதைப் பிற்கால ஆய்வுகள் உறுதிசெய்தன. சுன்னத்து வழக்கமில்லாத பார்சிகளிடமும் நோய் குறைவாக இருந்ததற்கு அவர்களிடையே நிலவிய தாமதத் திருமணத்தையும் குறைந்த மகப்பேற்றையும் காரணமாகக் கொள்ள இடமுண்டு.

இந்தப் பார்சி உதாரணம்தான் பெங்களூரில் அடுத்து நிகழ்ந்ததைப் புரிந்துகொள்ள உதவுகிறது. 1982க்குப் பின் சென்னை, பெங்களூர், மும்பை ஆகிய மூன்றிலும் கருப்பைவாய்ப் புற்றின் வீதம் ஆண்டுதோறும் இறங்கிக்கொண்டே வந்து, முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது. மார்பகப் புற்று ஏறி, முதலிடத்தைப் பிடித்துக்கொண்டது. பின்லாந்து முதலிய நார்டிக் நாடுகளில் இத்தகைய வீழ்ச்சிக்குக் காரணம் தெளிவானது. கருப்பைவாயிலிருந்து சுரண்டி எடுத்த உயிரணுக்களை நுண்ணோக்கியில் பார்த்து, புற்றாவதற்கு முன்பே மாற்றத்தைக் கண்டறியும் பாப் சோதனையை 1960களிலிருந்து நாடு முழுவதும் பெண்களை அழைத்து, தவறாமல் செய்தார்கள். பெங்களூரில் அப்படியொரு திட்டம் நடக்கவில்லை. தனியார் மருத்துவமனையில் பணம் கொடுத்துச் சோதித்துக்கொண்ட சிலரைக் கொண்டு ஒரு பெருநகரத்தின் வீதம் பாதியாகக் குறைந்திருக்க முடியாது.

அப்படியானால் குறைத்தது எது? கர்நாடகத்தில் 1980களின் தொடக்கத்தில் ஒரு பெண் சராசரியாக மூன்றரைக் குழந்தைகளைப் பெற்றாள். 2019–21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வில் அது 1.7. பெண்கள் பள்ளியில் கூடுதல் ஆண்டுகள் இருந்தார்கள். ஆயத்த ஆடை ஆலைகளுக்கும் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் வேலைக்குப் போனார்கள். மணம் சில ஆண்டுகள் தள்ளிப்போனது. 1974இல் முதற்கட்டக் காவிரி நீர் நகரத்துக்கு வந்தது. அடுத்தடுத்த கட்டங்கள் தொடர்ந்தன. வீட்டுக்குள் குளியலறையும் கழிப்பறையும் பெருகின. தூய்மைக்கும் இந்நோய்க்குமுள்ள தொடர்பு மற்றவற்றைப் போல உறுதியானதன்று, என்றாலும் பல இந்திய ஆய்வுகள் அதைச் சுட்டியிருக்கின்றன. மருத்துவத் துறை இந்த வீழ்ச்சியைத் தன் வெற்றியாக எழுதிக்கொள்ள இடமில்லை. பள்ளிக்கு அனுப்பப்பட்ட பெண்களும், இரண்டோடு போதும் என்று முடிவெடுத்த தாய்மார்களும் அறியாமலேயே அதை நிகழ்த்தினார்கள் என்று சொல்வதே சான்றுகளுக்கு நெருக்கமானது.

இதே காரணத்தால் அந்த வீழ்ச்சி எல்லோரையும் ஒரே அளவில் சென்றடைந்திருக்க முடியாது. பதினேழு வயதில் மணமாகி, நான்கு குழந்தைகளைப் பெற்று, வீட்டுவேலைக்கோ கட்டடவேலைக்கோ போகும் ஒரு பெண்ணின் வாழ்க்கையில், கன்டோன்மென்ட்டின் பழைய தமிழ்க் குடியிருப்பாக இருந்தாலும் வட கர்நாடகத்திலிருந்து அண்மையில் வந்தவர்களின் தகரக் கொட்டகையாக இருந்தாலும், நகரின் சராசரி கண்ட மாற்றம் பாதியளவே நிகழ்ந்திருக்கும். நோயுற்ற பின்னும் அவளுக்கு நகரம் பெரிதாக உதவவில்லை. 1980களில் பெங்களூரில் பதிவான கருப்பைவாய்ப் புற்றுநோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு, ஐந்தாண்டுகளுக்குப் பிறகு உயிரோடிருந்தவர்கள் ஐவரில் இருவர்கூட இல்லை என்று 1995இல் அறிவித்தது. தொடக்க நிலையில் வந்தவர்கள் பெரும்பாலும் பிழைத்தார்கள். முற்றிய நிலையில் வந்தவர்கள் பெரும்பாலும் பிழைக்கவில்லை. வருவதில் ஏற்பட்ட தாமதமே பல உயிர்களின் விலை.

தாமதத்தைத் தவிர்க்கும் வழி தமிழ்நாட்டிலேயே சோதித்துக் காட்டப்பட்டது. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000 முதல் நடந்த ஆய்வில், 30 முதல் 59 வயது வரையான பெண்களின் கருப்பைவாயில் செவிலியர்கள் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெள்ளையாக மாறும் திட்டுகளை வெறுங்கண்ணால் பார்த்து, தேவைப்பட்டால் அங்கேயே உறையவைத்து நீக்கும் சிகிச்சை அளித்தனர். பாப் சோதனைக்கு வேண்டிய ஆய்வகமோ நுண்ணோக்கியோ இதற்குத் தேவையில்லை. ஆய்வுக்கு எடுத்த 114 கிராமத் தொகுதிகளில் பாதிக்கு இச்சோதனை அளிக்கப்பட்டது, மறுபாதியில் வழக்கமான சேவை மட்டும். ஏழாண்டுகளில் சோதனை நடந்த பக்கத்தில் நோய் 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைந்தன. 2007இல் லான்செட் இதழ் இதை வெளியிட்டது. இந்தியாவில் நடந்த இவ்வகை ஆய்வுகளில் சோதனை பெறாத பக்கத்துப் பெண்கள் இறந்ததைப் பற்றி எழுந்த அறநெறிக் கேள்விகள் நியாயமானவை. அந்தப் பெண்களுக்குப் பட்ட கடனைத் தீர்க்கும் வழி, அறிந்ததை உடனே நடைமுறைப்படுத்துவதாகத்தான் இருந்திருக்க முடியும். தமிழ்நாடு தஞ்சாவூரிலும் தேனியிலும் தொடங்கி, 2012 முதல் மாநிலம் முழுவதும் அரசு மருத்துவமனைகளில் இச்சோதனையை விரித்தது. அப்படியிருந்தும் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் 30 முதல் 49 வயதுப் பெண்களுள் ஒருமுறையேனும் சோதித்துக்கொண்டவர்கள் அங்கு 9.8 சதவீதமே, நாட்டின் சராசரி 1.9. கர்நாடகம் ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. தேசத்தின் புற்றுநோய்க் கணக்கெல்லாம் வந்து சேரும் நகரத்தைத் தலைநகராகக் கொண்ட மாநிலத்தின் நிலை இது என்பது மனத்தை வருத்துகிறது.

தடுப்பூசியின் வரலாறு இன்னொரு தாமதம். 2006இல் உலகச் சந்தைக்கு வந்த வைரஸ் தடுப்பூசி 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் சிறுமியருக்குச் செலுத்தப்பட்டபோது, பெற்றோரின் ஒப்புதலை முறையாகப் பெறாதது வெளிப்பட்டது. சில சிறுமியரின் மரணங்களுக்கு ஊசி காரணமில்லை என்று விசாரணைக் குழு கூறியபோதிலும், திட்டம் 2010இல் நிறுத்தப்பட்டது. மக்களின் ஐயம் பல ஆண்டுகள் நீடித்தது. இதற்கிடையில் இலங்கை, 1996 முதல் மகளிர் நல மையங்களில் பாப் சோதனையை வழங்கிவந்ததோடு, 2017இல் தடுப்பூசியையும் தேசியத் திட்டத்தில் சேர்த்துக்கொண்டது. சிக்கிம் 2018இல் தன் சிறுமியருள் பெரும்பாலோருக்கும் அதைச் செலுத்தியது. 2022இல் புனேயின் சீரம் நிறுவனம் உள்நாட்டுத் தடுப்பூசியை உருவாக்கியது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் தமிழ்நாடு 14 வயதுச் சிறுமியருக்கு இலவசமாக வழங்க 36 கோடி ரூபாய் ஒதுக்கியது.

இன்று பதினான்கு வயதில் ஊசி பெறும் சிறுமியால் புற்றுநோய் வீதத்தில் ஏற்படும் மாற்றம், அவள் நாற்பதைத் தாண்டும் காலத்தில்தான் பதிவேட்டில் முழுமையாகத் தெரியவரும். இப்போது முப்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்டிருக்கும் தாய்மார்களுக்கு அந்த ஊசியால் பெரும்பயன் இல்லை. அவர்களுக்கு உதவக்கூடியவை திண்டுக்கல்லில் செவிலியர் செய்த சோதனையும், பெண்ணே தன் மாதிரியை எடுத்துத் தரக்கூடிய வைரஸ் சோதனையும் ஆகும். மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் 1,31,746 பெண்களிடம் நடந்த ஆய்வு, வைரஸ் சோதனையை வாழ்நாளில் ஒருமுறை செய்தாலே இறப்பு ஏறக்குறையப் பாதியாகும் என்று 2009இலேயே காட்டிவிட்டது. மாநகராட்சியின் மகப்பேறு மருத்துவமனைகளும், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களும், வீடுவீடாகச் செல்லும் ஆஷா பணியாளர்களும் பெங்களூரில் ஏற்கெனவே இருக்கிறார்கள். லிங்கராஜபுரத்துத் தாய்மார்கள் குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகும் அந்த நிலையங்களிலேயே இச்சோதனையையும் செய்ய முடியும்.