வெனிஸ்: நெரிசல் மிக்க பருவங்கள்

இத்தாலியின் வெனிஸ் நகருக்கு உல்லாசப் பயணிகள் வராத மாதம் என்று ஒன்றில்லை. எனினும், ஏப்ரல் தொடக்கம் ஒக்டோபர் வரையிலான காலமே அங்கு நெரிசல் மிக்கது. ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் ஐரோப்பியப் பாடசாலை விடுமுறையும் சேர்ந்துகொள்வதால், புனித மார்க் சதுக்கத்துக்கும் ரியால்டோ பாலத்துக்கும் இடையிலான ஒடுங்கிய சந்துகளில் கால்வைக்கவும் இடமிராது. தவக்காலத்துக்கு முன்னர் இடம்பெறும் முகமூடிக் களியாட்டம் 1979 இல் புத்துயிர் பெற்றதன் பின்னர், குளிர்காலத்திலும் ஒரு பருவம் உருவாகிவிட்டது.

நவம்பரில் கூட்டம் குறையும். ஆனால், அது கடல் பெருகும் காலம். 2019 நவம்பர் 12 இல் நீர்மட்டம் 187 சென்ரிமீற்றரை எட்டியது. 2020 ஒக்டோபரில் முதன்முறையாக உயர்த்தப்பட்ட ‘மோசே’ தடுப்புக் கதவுகளே அதன்பின் நகரைக் காத்துவருகின்றன.

வருவோரிற் பெரும்பாலோர் காலையில் வந்து மாலையில் திரும்புபவர்கள். இவர்கள் விட்டுச்செல்வதில் பணத்தைவிடக் குப்பையே அதிகம் என்பது நகரவாசிகளின் மனக்குறை. 2024 ஏப்ரல் 25 இல், நெரிசல் நாட்களுக்கென இவர்களிடம் 5 யூரோ கட்டணம் அறவிடும் முறை ஆரம்பமானது. அவ்வாண்டில் 29 நாட்கள். 2025 இல் 54 நாட்கள். சதுக்கத்தில் அமர்ந்து ஒரு கோப்பி அருந்தும் செலவுக்கும் ஈடாகாத இத்தொகை எவரையும் திருப்பியனுப்பும் என நம்புவதற்கில்லை.

1951 இல் சுமார் 175,000 பேர் வாழ்ந்த தீவு நகரில் இன்று 50,000 பேர் கூட இல்லை. வீடுகள் பயணிகளின் குறுகியகாலத் தங்குமிடங்களாகிவிட, வாடகை கொடுக்க இயலாத இளங்குடும்பங்கள் பெருநிலத்திலுள்ள மெஸ்ட்ரேக்கு இடம்பெயர்கின்றன.