பெங்களூர் தந்த படைக்கல்வி

அல்சூர் ஏரிக்கரையில் மாலையில் உலாவும் நம்மவர்க்கு, ஏரியை ஒட்டி நீளும் படைப் பாளையம் புதியதன்று. மதராஸ் என்ஜினியர் குரூப் என்னும் அப்படையின் தலைமையிடத்தை நாள்தோறும் கடந்து செல்கிறோம். ஆயினும் அதன் வரலாற்றில் நம் இனத்தாரின் பங்கு எத்துணை என்று நம் பிள்ளைகளைக் கேட்டால், பெரும்பாலோர் விழிப்பர். அக்குறை அவர்களுடையதன்று, சொல்லத் தவறிய நம்முடையது.

1780-ல் மதராஸ் பயனியர் என்ற பெயரில் இரண்டு கம்பெனிகளாகத் தோன்றிய படை இது. 1809-ல் பெங்களூரில் கண்டோன்மெண்ட் அமைந்தது. 1834-ல் இப்படையும் இங்கு வந்து சேர்ந்தது. பாதை வெட்டுதலும், பாலம் கட்டுதலும், கண்ணி அகற்றுதலும் இதன் தொழில். படையினரைப் பிற படைகள் இன்றும் ‘தம்பி’ என்றே அழைக்கின்றன. பட்டாளத்தின் பின்னே தமிழ்க் குடும்பங்களும் வந்து குடியேறின. நம் காலனிகள் தோன்றுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தமிழ் இவ்வூரில் காலூன்றியது இவ்வாறுதான். 1912-ல் இப்படையைச் சேர்ந்த மக்ளின்டாக் என்னும் அதிகாரி, முள்வேலியைத் தகர்க்க நீண்ட குழாயில் வெடிமருந்து அடைக்கும் உபாயத்தைக் கண்டார். ‘பெங்களூர் டார்பிடோ’ எனப் பெயர் பெற்ற அக்கருவி, 1944-ல் நார்மண்டிக் கடற்கரையிலும் பயன்பட்டது.

வீரத்திற்குக் குறைவில்லை, உயர்வுக்குத்தான் வழியில்லை. எத்துணைத் திறமையுடைய இந்தியச் சிப்பாயும் சுபேதார் மேஜர் பதவிக்கு மேல் ஏற முடியாத காலம் அது. முதல் உலகப் போரின் முடிவில்தான் இந்தியர் சிலருக்கு முழு அதிகாரி பதவி கிட்டியது. பின்னாளில் 1949-ல் இந்தியத் தரைப்படையின் முதல் இந்தியத் தலைவரான குடகு நாட்டுக் கரியப்பா, இந்தூர்ப் பயிற்சிப் பள்ளியிலிருந்து வெளிவந்த அம்முதல் அணியைச் சேர்ந்தவர். 1932-ல் டேராடூனில் இராணுவக் கழகம் திறக்கப்பட்டது. ஆயினும், ஆங்கிலக் கல்விக்குப் பணம் செலவழிக்க இயலாத ஹவில்தாரின் மகனுக்கு அக்கழகத்தின் வாயில் எட்டாத உயரத்திலேயே இருந்தது.

அக்குறையைத் தீர்க்கவே சிப்பாய்களின் பிள்ளைகளுக்கெனத் தனிப் பள்ளிகள் எழுந்தன. பஞ்சாபில் ஜாலந்தரிலும் ஜீலத்திலும் தொடங்கிய அவ்வரிசையில், 1946 ஆகஸ்டில் பெங்களூர்ப் பள்ளி பிறந்தது. அன்று ஜார்ஜ் மன்னர் பெயர் தாங்கிய அப்பள்ளியே இன்றைய ராஷ்டிரிய மிலிட்டரி ஸ்கூல்.

அப்பள்ளியில் இடம் நாடி வந்த ஒரு சிறுவனை, மார்பளவு போதவில்லை என்று மருத்துவர்கள் முதலில் திருப்பி அனுப்பினர். அவன் மனம் தளரவில்லை, உடற்பயிற்சி செய்து மார்பை விரித்து மீண்டும் வந்தான், 1946-லேயே சேர்த்துக்கொள்ளப்பட்டான். மறு ஆண்டு ஜாலந்தர்ப் பள்ளிக்கு மாறினான். தேசியப் பாதுகாப்புக் கழகத்திலும் டேராடூனிலும் பயின்று, 1957-ல் அதிகாரியானான். அவர்தான் காப்டன் குர்பச்சன் சிங் சலாரியா. ஐக்கிய நாடுகளின் அமைதிப்படையோடு காங்கோ சென்ற அவர், 1961 டிசம்பர் 5-ஆம் நாள் எலிசபெத்வில் நகரில், பதினாறு வீரரோடு ஏறத்தாழ தொண்ணூறு எதிரிகள்மீது பாய்ந்து வழியைத் திறந்தார். கழுத்தில் குண்டு பாய்ந்து உயிர் நீத்தார். பரம வீர சக்கரம் பெற்றவர்களுள் அமைதிப்படைப் பணியில் அதனைப் பெற்றவர் அவர் ஒருவரே. அவர் தந்தையும் ஒரு பட்டாளத்துக்காரர். ஒரு சிப்பாயின் மகன் அதிகாரியானது அப்பள்ளி இட்ட படிக்கட்டினால் அன்றோ!

இங்கே நம் நினைவு இன்னொருவர்பால் செல்கிறது. செங்கற்பட்டு மாவட்டத்தில் பிறந்து, மதராஸ் சாப்பர் படையில் சுபேதாராக உயர்ந்த சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24-ல் இத்தாலி நாட்டில், வெடிக்கவிருந்த கண்ணியின்மீது தம் உடலைக் கிடத்தித் தோழர்களைக் காத்தார். மறைவுக்குப் பின் ஜார்ஜ் கிராஸ் விருது அவர்க்கு அளிக்கப்பட்டது. இவரைப் போன்றோர் பிள்ளைகளுக்காகப் பெங்களூரில் பள்ளி திறந்தது இரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னர்! அச்செய்தி நம் நெஞ்சை உறுத்துகின்றது.

பின்னர் வாயில்கள் பல திறந்தன. 1962-ல் அமராவதிநகரில் சைனிக் பள்ளியும், 1963-ல் சென்னையில் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியும் ஏற்பட்டன. சென்னையில் பயின்ற மேஜர் முகுந்த் வரதராஜன் 2014-ல் காஷ்மீரில் வீழ்ந்து அசோக சக்கரம் பெற்றதை நாம் மறக்கவில்லை. 1992 முதல் அங்கே மங்கையரும் பயில்கின்றனர். 2022-ல் தேசியப் பாதுகாப்புக் கழகத்திலும் அவர்கள் காலடி வைத்தனர்; 2025-ல் முதல் அணியினர் பதினேழு பேர் தேர்ந்து வெளிவந்தனர்.

நம் காலனியில் பொறியியல் கல்லூரியைப் பற்றிப் பேசாத வீடில்லை. படைக்கல்வியைப் பற்றிப் பேசும் வீடோ அரிது. ‘ஒரே பிள்ளை’ என்று தாய் அஞ்சுவது இயற்கை. அவ்வச்சத்தை நாம் இகழோம். எல்லாப் பிள்ளையும் சீருடை அணிய வேண்டும் என்பதும் நம் கருத்தன்று. விரும்பும் பிள்ளைக்கு வழி தெரியாமற் போகக் கூடாது என்பதே நம் வேண்டுகோள். அடுத்த முறை பிரிகேடு ரோட்டு முனையிலுள்ள பயனியர் நினைவுத்தூணைக் கடக்கும்போது சற்றே நின்று, தம்பிகளின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுவோம். இவ்வூர் நம்மைப் பிழைக்க வைத்த ஊர் மட்டுமன்று; நம்மவர் குருதி சிந்திக் காத்த நாட்டின் ஊர் என்பதை அவர்கள் அறியட்டும்.